கல்யாணத்துக்கு உண்டு, கவனிப்புக்கு இல்லை

2020 கோடையில், கொரோனா ஊரடங்கின்போது, மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் கேட்டவர்கள் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. கல்யாணம், சாவு, மருத்துவ அவசரம். ஏற்றுக்கொள்ளப்பட்ட காரணங்கள் ஏறக்குறைய இவ்வளவுதான். சின்னசேலத்தில் தனியாக இருக்கும் அம்மாவுக்காக ஆத்தூரிலிருந்து வாரம் இரண்டு தடவை பஸ் ஏறி வரும் மகளை எண்ணிப் பாருங்கள். வந்து குளிப்பாட்டி, துணி துவைத்து, மாத்திரைகளைக் காலை, இரவு என்று பிரித்து வைத்துவிட்டுப் போகிறவள். அவள் இதில் எந்தக் காரணத்தை எழுதுவாள்? இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள்தான். ஆனால் சின்னசேலம் கள்ளக்குறிச்சி மாவட்டம், ஆத்தூர் சேலம் மாவட்டம். அம்மா சாகக் கிடக்கவில்லை. வீட்டில் விசேஷமும் இல்லை. வழக்கம்போல வயதாகியிருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த மூன்று காரணங்களை எழுதிய அதிகாரிகளுக்கு ஈரமில்லை என்று சொல்வது அநியாயம். குடும்பத்தை அரசு எப்படிப் பார்க்கிறது என்பதை அந்தப் பட்டியல் காட்டிவிட்டது என்பதே விஷயம். நாள் குறித்து நடக்கிற காரியங்கள் அரசின் கண்ணில் படுகின்றன. நாள்தோறும் நடக்கிற காரியம் படுவதில்லை. கொரோனா காலத்தில் முதியவர்களைக் காப்பதற்காகப் போடப்பட்ட விதிகளில் பெரும்பாலானவை, வீட்டில் யாரோ ஒருத்தி இருக்கிறாள், அவள் பார்த்துக்கொள்வாள் என்ற நம்பிக்கையின் மேல் நின்றன. அந்த ஒருத்திக்கு என்ன ஆனது என்று கேட்க ஒரு துறையும் இல்லை.

கள்ளக்குறிச்சியில் இதைப் பார்ப்பதற்கு ஒரு காரணம் உண்டு. விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 26 அன்று தொடங்கிவைக்கப்பட்ட மாவட்டம் அது. ஊரடங்கு வந்தபோது அதற்கு நான்கு மாதம்கூட நிறையவில்லை. சிறுவங்கூரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி திறப்பு விழா கண்டது 2022 ஜனவரி 12 அன்று. அதாவது முதல் அலையும் இரண்டாம் அலையும் ஓய்ந்து, மூன்றாவது ஏறிக்கொண்டிருந்தபோது. அதுவரை நோய் முற்றினால் முண்டியம்பாக்கம், சேலம், புதுச்சேரி ஜிப்மர் என்று ஓடுவதுதான் வழக்கம். ஊரடங்கில் ஜிப்மரின் வழக்கமான வெளிநோயாளிப் பிரிவு நின்றுபோனது. புதுச்சேரி எல்லையையும் அடைத்தார்கள். நோயாளிக்கு எட்டு மணி நேர அலைச்சல் என்றால் கூடப் போகிறவருக்கும் அதே எட்டு மணி நேரம்தான். கூடுதலாக, சீட்டு வாங்குவது, வரிசையில் நிற்பது, கழிப்பறைக்குத் தாங்கிப் பிடித்துக் கூட்டிப்போவது எல்லாம் அவர் கணக்கு.

ஊரடங்கின் தொடக்கத்தில் மத்திய அரசு, மூத்த குடிமக்களுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்வோருக்கும் ஓர் அறிவுரை வெளியிட்டது. நல்ல அறிவுரைதான். முதியவருக்கு உதவும் முன் கை கழுவுங்கள். மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். அவர் பயன்படுத்தும் கைத்தடி, வாக்கர், சக்கர நாற்காலி, மலம் எடுக்கும் பாத்திரம் ஆகியவற்றை அடிக்கடி துடையுங்கள். படுக்கையிலேயே கிடக்க விடாதீர்கள். காய்ச்சலோ இருமலோ இருந்தால் அவர் பக்கத்தில் போகாதீர்கள்.

கடைசி வரி ஒரு வீட்டில் எப்படி நடக்கும்? பார்த்துக்கொள்ள இருப்பது ஒரே ஒரு மருமகள். அவளுக்குக் காய்ச்சல். மாமியார் பக்கவாதம் வந்து படுத்திருக்கிறார். பக்கத்தில் போகாதே என்றால், அன்றைக்கு அந்தக் கிழவிக்குச் சோறு யார் ஊட்டுவது, துணி யார் மாற்றுவது? அறிவுரை அங்கேயே நின்றுவிட்டது. கிராமத்து வீடுகளில் பெரும்பாலும் இருப்பது ஓர் அறையும் ஒரு திண்ணையும்தான் என்பதையும், தண்ணீர் வருவது தெருக்குழாயில் என்பதையும் அது எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

படுத்த படுக்கையாகக் கிடப்பவரைத் தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஒற்றை ஆள் வேலை இல்லை. ஒருவர் தலைமாட்டில் நின்று இரு கக்கத்திலும் கை கொடுத்துத் தூக்க வேண்டும். இன்னொருவர் முழங்காலுக்குக் கீழே பிடிக்க வேண்டும். அடியில் கிடக்கும் ஈரத்துணியை உருவிக் காய்ந்த துணியை விரிப்பதற்குள் மூன்றாவது கை ஒன்று இருந்தால் தேவலாம் என்று தோன்றும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் இடுப்பெலும்பு முட்டும் இடத்தில் முதலில் தோல் சிவக்கும், பிறகு கொப்புளம், பிறகு புண். ஊர்ப்பக்கம் இந்த இரண்டாவது ஆள் பக்கத்து வீட்டுக்காரர்தான். "அக்கா, சித்த வாயேன், கிழவரைத் திருப்பணும்" என்று திண்ணையிலிருந்து ஒரு குரல் கொடுத்தால் வந்துவிடுவார். இதற்குக் கூலி கிடையாது, கணக்கும் கிடையாது. பெருந்தொற்று முதலில் பறித்துக்கொண்டது இந்தக் கையைத்தான். கோயம்பேடு சந்தையிலிருந்து திரும்பியவர்கள் மூலமாக 2020 மே மாதம் விழுப்புரம், கடலூர், அரியலூர், கள்ளக்குறிச்சிப் பக்கமெல்லாம் தொற்று பரவியபோது, கதவில் தனிமைப்படுத்தப்பட்ட வீடு என்று ஒட்டுத்தாள் விழுந்த தெருவில் யார் யார் வீட்டுக்குப் போவார்கள்? புண் வந்தது. அதற்கு மருந்து கட்ட வருவாரும் இல்லை.

இன்னொன்று நூறு நாள் வேலை. தமிழகக் கிராமங்களில் அந்த வேலைக்குப் போகிறவர்களில் வயதான பெண்கள் ஏராளம். 2020இல் வேலை மறுபடி தொடங்கியபோது 55 வயதைத் தாண்டியவர்களை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர்களைக் காப்பாற்றத்தான். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் ஒரு நாள் கூலி 256 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டிருந்தது. சொந்தக் காசில் வெற்றிலையும் மாத்திரையும் வாங்கிக்கொண்டு, பேரப்பிள்ளைக்கு மிக்சர் பொட்டலமும் வாங்கி வந்த அறுபது வயதுக்காரி ஒரே உத்தரவில் 'பார்த்துக்கொள்ளப்பட வேண்டியவர்' ஆகிவிட்டார். முதியோர் ஓய்வூதியமாக மாதம் 1,000 ரூபாய் வந்துகொண்டிருந்தவர்களுக்கு, மத்திய அரசு மூன்று மாத ஊரடங்குக்கு என்று மொத்தம் 1,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தது, அதையும் இரண்டு தவணையில். அறுபதைத் தொடாதவர்களுக்கு அதுவும் இல்லை. 55க்கும் 60க்கும் நடுவில் சிக்கியவர்கள் வேலைக்குக் கிழவர்கள், பென்ஷனுக்கு இளைஞர்கள்.

மேலே, இதே மாவட்டத்துக் கல்வராயன் மலையில் கதை வேறு மாதிரி. இந்த மலையில் வாழும் பழங்குடிகளுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை, பேசுவது தமிழ். ஜாகிர்தார்கள் கையிலிருந்து இந்த மலை முழுமையாக அரசிடம் வந்ததே 1976இல்தான். சாமையும் மரவள்ளியும் கடுக்காயும் ஒரு குடும்பத்தை வருஷம் முழுக்கக் காப்பாற்றுவதில்லை. அதனால் வேலை செய்யும் வயதில் இருப்பவர்கள் கேரளத்து மிளகுத் தோட்டங்களுக்கும் குடகின் காப்பித் தோட்டங்களுக்கும் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் போய்விடுகிறார்கள். ஊரில் மிஞ்சுவது தாத்தாவும் பாட்டியும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளும். எழுபது வயதுக்காரி எழுபத்தைந்து வயதுக்காரரைப் பார்த்துக்கொள்கிறாள். கூடவே பேரப்பிள்ளைக்கும் பொங்கிப் போடுகிறாள். முதியவரைப் பராமரிப்பவர் என்றதும் நடுத்தர வயது மகளையோ மருமகளையோ நினைத்துக்கொள்கிறோமே, அந்தப் படம் மலையில் பொருந்தாது.

ஊரடங்கு வந்ததும் போனவர்கள் திரும்பினார்கள். இத்தனை நாள் இல்லாத கைகள் வீட்டுக்கு வந்தன. பாட்டிக்கு விறகு பொறுக்கவும் தண்ணீர் சுமக்கவும் ஆள் கிடைத்தது. அதே கைகளோடு தொற்றும் வரலாம் என்ற பயமும் வந்தது. அனுப்பிக்கொண்டிருந்த பணமும் நின்றது. ஆகவே பெருந்தொற்று பராமரிப்புச் சுமையைக் கூட்டியது என்று பொத்தாம்பொதுவாக எழுதிவிட முடியாது. கீழே கூட்டியது. மேலே சில மாதங்களுக்கு இறக்கிவைத்தது, பிறகு வட்டியோடு ஏற்றியது. தளர்வுகள் வந்ததும் கடனை அடைக்க இளையவர்கள் மறுபடி இறங்கிப் போக வேண்டியிருந்தது.

2020 ஜூன் மாதம் நடந்த ஒரு கூத்தையும் சொல்ல வேண்டும். மாநிலத்தை மண்டலங்களாகப் பிரித்து, மண்டலத்துக்குள் போக இ-பாஸ் வேண்டாம் என்றார்கள். சேலம் கோவையோடு முதல் மண்டலத்தில் விழுந்தது. கள்ளக்குறிச்சி விழுப்புரத்தோடு மூன்றாவது மண்டலத்தில். கல்வராயன் மலையின் மேற்குப் பக்கம், கருமந்துறை உட்பட, சேலம் மாவட்டம். வெள்ளிமலையும் கரியாலூரும் கள்ளக்குறிச்சி. பெண் எடுத்துப் பெண் கொடுத்த ஒரே மலை இரண்டு மண்டலமானது. கோடு போட்டவர் கையில் இருந்த வரைபடத்தில் மலை இருந்திருக்கலாம், அதில் குடியிருப்பவர்களின் உறவுமுறை இல்லை.

சாலை எட்டாத குக்கிராமங்களில் உடம்பு முடியாதவரைத் தூளி கட்டித்தான் தூக்கி வருகிறார்கள். நீளமான மூங்கிலில் கம்பளியையோ சேலையையோ முடிந்து, உள்ளே நோயாளியைச் சுருட்டிப் படுக்கவைத்து, முன்னால் இருவர் பின்னால் இருவர் தோள் கொடுப்பார்கள். மேடு வந்தால் தோள் மாற்ற இன்னும் நான்கு பேர் கூடவே நடப்பார்கள். மூச்சு வாங்கிக்கொண்டு, ஒருவர் முதுகில் இன்னொருவர் மூச்சு பட, 108 வண்டி நிற்கும் இடம்வரை. ஆறடி இடைவெளி விட்டுத் தூளி தூக்க முடியுமா? இந்த ஆண்களையும் பராமரிப்பவர்கள் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைப் பலி கொண்ட பிறகு, சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து கல்வராயன் மலையின் வாழ்நிலையை விசாரணைக்கு எடுத்தது. அப்போதும் சாலைதான் முதல் பிரச்சினையாக எழுந்தது.

அரசு எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்றும் சொல்ல முடியாது. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரண்டு மாதத்துக்குச் சேர்த்துக் கொடுக்கச் சொன்னது பெரிய உதவி. இரண்டாம் அலையில், 2021 மே 17 முதல் பயணத்துக்கு இ-பதிவு வந்தபோது, ஏற்கப்படும் காரணங்களில் முதியோர் பராமரிப்பும் இடம்பெற்றது. ஓராண்டில் அரசின் படிவத்துக்குள் அன்றாடம் நுழைந்தது! சத்தமில்லாமல் நடந்த இந்த மாற்றத்தை இன்னும் கொஞ்சம் சத்தமாகவே பாராட்டியிருக்கலாம். தடுப்பூசியில் அந்தப் புத்தி தாமதமாக வந்தது. 60 வயதுக்கு மேற்பட்டோருக்கு 2021 மார்ச் 1 அன்றே ஊசி தொடங்கியது. படுக்கையில் கிடப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து போட மத்திய அரசு வழிசெய்தது செப்டம்பரில். நடுவில் இரண்டாம் அலை வந்து போய்விட்டது.

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இந்தப் பாடத்திலிருந்து பிறந்தது என்றே சொல்லலாம். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரைகளோடு, இயன்முறைச் சிகிச்சையும் வலி தணிப்புச் சிகிச்சையும் வீட்டு வாசலுக்கு வருகின்றன. 2024இல் ஐ.நா. விருதும் கிடைத்தது. ஆனால் வருகிற தன்னார்வலரின் பதிவேட்டில் இருப்பவர் நோயாளி மட்டும். அவர் பக்கத்தில் முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்கிறாளே, அவளுக்கு இடுப்பு வலியா, ராத்திரி தூங்குகிறாளா என்று கேட்க ஒரு கட்டம் இல்லை. அவளுக்கும் ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். பார்த்துக்கொள்பவள் என்பதற்காக அல்ல.

கேரளத்தில் ஆஸ்வாசகிரணம் என்றொரு திட்டம் இருக்கிறது. படுக்கையில் கிடப்பவரைக் கவனிக்கும் குடும்பத்தவருக்கு மாதம் 600 ரூபாய். சின்னத் தொகை; மாதக்கணக்கில் பாக்கி நிற்கிறது என்ற புகாரும் அடிக்கடி எழுகிறது. இருந்தாலும் அந்த 600 ரூபாய்க்காக ஒரு பட்டியல் எடுக்க வேண்டியிருக்கிறது, அதில் பார்த்துக்கொள்பவரின் பெயர் வருகிறது. பிரிட்டனில் பராமரிப்பவர்களுக்கு என்றே தனி அமைப்புகள் உண்டு. 2020 ஜூனில், தொற்று தொடங்கியதிலிருந்து 45 லட்சம் பேர் புதிதாகச் சம்பளமில்லாப் பராமரிப்பாளர்கள் ஆகியிருக்கிறார்கள் என்று அவர்களால் மதிப்பிட முடிந்தது. ஏற்கெனவே எண்ணி வைத்திருந்தவர்களுக்குத்தான் கூடியது எவ்வளவு என்று சொல்ல முடியும். நம்மிடம் இருப்பது தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு. 2024ஆம் ஆண்டுக்கானதன்படி, 15 முதல் 59 வயதுப் பெண்களில் 41 விழுக்காட்டினர் வீட்டில் இருப்பவர்களைக் கவனிப்பதில் ஈடுபடுகிறார்கள், நாளொன்றுக்குச் சுமார் 140 நிமிடம், ஆண்களில் 21.4 விழுக்காடு, 74 நிமிடம். குழந்தை வளர்ப்பும் இதற்குள் அடக்கம். அந்த வயது வரம்பைக் கவனியுங்கள். 59க்கு மேல், கிழவரைப் புரட்டிப் போடும் அந்த எழுபது வயதுக்காரி இந்த 41 விழுக்காட்டிலும் வரமாட்டாள்.

2021 மதிப்பீட்டின்படி தமிழ்நாட்டு மக்கள்தொகையில் 13.6 விழுக்காட்டினர் 60 வயதைக் கடந்தவர்கள். கேரளத்துக்கு அடுத்த வரிசையில் நாம்தான். அடுத்த தொற்று எப்போது என்று யாருக்கும் தெரியாது, அதற்குக் காத்திருக்கவும் வேண்டாம். மக்களைத் தேடி மருத்துவப் பதிவேட்டில் 'பார்த்துக்கொள்பவர்' என்று ஒரு வரி, அவருக்கு முடியாமல் போனால் யார் என்று இன்னொரு வரி. மகளிர் குழுக்களிலிருந்து தெருவுக்கு ஒருவருக்கு ஆளைத் தூக்கவும் புரட்டவும் பயிற்சியும் அதற்கு ஒரு கூலியும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான்கு நாள் முதியவரைச் சேர்த்துப் பார்த்துக்கொள்ள இரண்டு கட்டில், வீட்டில் இருப்பவள் காய்ச்சலில் விழும்போது. வெள்ளிமலைப் பக்கம் இதையெல்லாம் தொடங்குவதென்றால் முதலில் அந்தக் கட்டில்வரை வண்டி போக வேண்டும். உயர் நீதிமன்றத்தில் ஏற்கெனவே வழக்காகிவிட்ட சாலைகளில் சிலவற்றைப் போட்டாலே அதில் பாதி நடந்துவிடும்.