ஓடியவரும் ஓட்டப்பட்டவரும்

தலைமறைவாதல் என்னும் வினை இரு செய்திகளைத் தன்னுள் அடக்கியது. செல்பவன் பிறர் அறியாமற் செல்கின்றான் என்பது ஒன்று. அவன் பதிலிறுக்க வேண்டிய கடப்பாடொன்று பின்னால் நிற்கின்றது என்பது மற்றொன்று. பிணையில் விடப்பட்டவன் வழக்குத் தவணைக்கு வராது மறைந்தால் அவன் தலைமறைவாயினான். கடன்பட்டவன் இரவோடிரவாக ஊரைவிட்டு அகன்றாலும் அவ்வாறே. இவ்விரண்டனுள் ஒன்று குறையினும் சொல் பிழைபடும். பெற்றோர் அறியாமல் தலைவனுடன் தலைவி செல்வதை அகத்திணை மரபு உடன்போக்கு என்றது. அங்கே மறைவு உண்டு, குற்றம் இல்லை. ஆகவேதான் தனிச்சொல் வேண்டியிருந்தது.

மறைவும் இல்லை, குற்றமும் இல்லை எனின் என்ன சொல்வது? புத்தளம் மாவட்டக் கரையோரம் இவ்வினாவைத் தமிழில் எழுதுவோர்முன் நெடுங்காலமாக வைத்திருக்கின்றது.

1990 ஒக்ரோபரில் வட மாகாண முஸ்லிம்கள் ஏறத்தாழ எழுபத்தையாயிரம் பேர் தமிழீழ விடுதலைப் புலிகளின் கட்டளையால் வெளியேற்றப்பட்டனர். மன்னார்த்தீவினர் பலர் வள்ளங்களிற் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். யாழ்ப்பாணத்திலே 30ஆம் திகதி ஒலிபெருக்கியில் அறிவித்து, ஜின்னா மைதானத்திற்கு மக்களை அழைத்து, இரண்டு மணி நேரமே தவணை கொடுத்தனர். நகையும் பணமும் பறிக்கப்பட்டன. பட்டப்பகலில், ஆயுதம் தாங்கியோர் பார்த்து நிற்க நிகழ்ந்த இதனைத் 'தப்பியோடி வந்தார்கள்' என்று எழுதும் பேனா எதனைக் கண்டு அஞ்சுகின்றது?

'இடம்பெயர்ந்தோர்' என்பது நடுநிலையான சொல் என்று சிலர் வாதிப்பர். இலக்கணம் அதற்கு இடந்தராது. பெயர்தல் தன்வினை; பெயர்த்தல் பிறவினை. பறவையும் இடம்பெயரும், பஞ்சம் பிழைக்கச் செல்வோரும் இடம்பெயர்வர். தன்வினையால் எழுதும்போது பெயர்த்தவன் வாக்கியத்திலிருந்து நழுவி விடுகின்றான். உண்மையில் இங்கே தலைமறைவானது எழுவாயே. இந்நடுநிலை எவர் பக்கம் சாய்கின்றது என்பதைத் தமிழ்த்துறையினர் அறியாதவரல்லர். அறிந்தும் வாளாவிருப்பதே வருத்தத்திற்குரியது.

பதவியில் இருப்போருக்கு மட்டும் இம்மொழி மிகவும் பணிவு காட்டும். 2022 யூலை 13ஆம் திகதி விடியுமுன் இராணுவ விமானத்தில் மாலைதீவு சென்ற சனாதிபதிக்கு 'நாட்டைவிட்டு வெளியேறினார்' என்ற மரியாதை வாய்த்தது. இரவில் வள்ளமேறி அவுஸ்திரேலியா நோக்கிப் புறப்பட்டுக் கடற்படையிடம் அகப்படும் மீனவனுக்கோ அத்தகைய வினைமுற்று கிட்டுவதில்லை.

இது சொல்லாராய்ச்சியோடு முடிகின்ற விடயமும் அன்று. போர் முடிந்தபின் முசலிப் பிரதேசத்து மறிச்சுக்கட்டி, பாலைக்குழி, கரடிக்குழி ஆகிய ஊர்களுக்கு மீண்டோர் தம் காணிகள் காடாகி இருக்கக் கண்டனர். அவர்கள் உரிமை கோரிய நிலம் 2012இல் ஒதுக்குக் காடாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. அவர்களோ காடழிப்போர் எனப் பழிக்கப்பட்டனர். விட்டுப் போனவனின் காணி கைவிடப்பட்ட காணியாகும். விரட்டப்பட்டவனின் காணி அவ்வாறாகாது. எந்த வினையால் அவர்களை இதுவரை எழுதினோமோ, அந்த வினையே அவர்களுக்கெதிரான சான்றாயிற்று.

செயப்பாட்டுவினை நீண்டுவிடும், தலைப்பில் அடங்காது என்று பத்திரிகையாளர் சிலர் கூறுவதுண்டு. இடம்பெயர்ந்தோர் என்பதில் ஒன்பது எழுத்துக்கள் உள்ளன. விரட்டப்பட்டோர் என்பதிலும் ஒன்பதுதான்.