நாள்பட்ட சைனஸ் பிரச்னைக்கு 'பலூன்' சிகிச்சை: யாருக்குப் பலன் தரும்? யாருக்குத் தேவையே இல்லை?

"மூக்கு எப்பப் பார்த்தாலும் அடைச்சுக்கிட்டே இருக்கு." "குனிஞ்சா முகமெல்லாம் கனக்குது." "குழம்பு கொதிக்கிற வாசனைகூட தெரியல."

பெட்டாலிங் ஜெயாவிலோ கிள்ளானிலோ பிரிக்ஃபீல்ட்ஸிலோ நீங்கள் வசிப்பவராக இருந்தால், இதில் ஒரு புகாராவது உங்கள் வீட்டில் கேட்டிருக்கும். ஈரப்பதம் நிறைந்த காற்று, மெத்தையிலும் தலையணையிலும் பெருகும் தூசிப் பூச்சிகள், ராத்திரி முழுக்க ஓடும் ஏர்கோன், சில ஆண்டுகளில் வந்து சூழும் புகைமூட்டம் என மூக்கைச் சோதிப்பதற்கு இங்கே எதற்கும் பஞ்சமில்லை.

"அரை மணி நேரம்தான், தையல் இல்லை, சீக்கிரமே வேலைக்குப் போகலாம்" என்ற 'பலூன் சைனஸ்' சிகிச்சை விளம்பரங்கள் கைபேசியில் உங்கள் கண்ணில் பட்டிருக்கலாம். இது ஏமாற்று வேலை அல்ல. அமெரிக்காவில் 2005-ஆம் ஆண்டு அனுமதி பெற்ற, பலருக்கு உண்மையாகவே உதவும் சிகிச்சை. ஆனால் மூக்கடைப்பு உள்ள எல்லோருக்கும் உரியது அல்ல.

சைனஸ் என்பது நோயின் பெயரா?

இல்லை. முக எலும்புகளுக்குள் காற்று நிறைந்திருக்கும் அறைகளைத்தான் சைனஸ் என்கிறோம். நெற்றியில், கன்னத்தில், இரு கண்களுக்கு நடுவில், மூக்கின் பின்கோடியில் என நான்கு ஜோடிகள். ஒவ்வொரு அறைக்கும் மூக்குக்குள் திறக்கும் வாசல் உண்டு. அகலம் சில மில்லிமீட்டர்தான். உள்ளே ஊறும் சளியை, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய முடிகள் அந்த வாசலை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். வீக்கத்தால் வாசல் அடைபட்டால் சளி தேங்கும்; அழற்சி தொடரும். அறிகுறிகள் 12 வாரங்களுக்கு மேல் நீடித்தால் அதை 'நாள்பட்ட' நோய் என்கிறார்கள். சித்த மருத்துவத்தில் 'பீனிசம்' என்று பெயர் பெற்றது இந்த வகைத் தொல்லைதான்.

ஒரு காலத்தில் மேலுதட்டுக்கு அடியில் கீறி, கன்ன எலும்பில் ஓட்டை போட்டுச் சளியை வெளியேற்றினார்கள். ஆஸ்திரியாவின் கிராஸ் நகரைச் சேர்ந்த மருத்துவர் வால்டர் மெஸ்ஸர்கிளிங்கர் கவனித்துச் சொன்ன ஒரு விஷயம் இதை மாற்றியது. நீங்கள் எங்கே புதிதாக ஓட்டை போட்டாலும், சளி அந்தப் பக்கம் போகாது. பழைய இயற்கை வாசலைத் தேடித்தான் போகும். அப்படியென்றால் புது வழி எதற்கு, அடைபட்ட வாசலையே திறந்தால் போதுமே! மூக்குத் துவாரம் வழியாக மெல்லிய எண்டோஸ்கோப்பை நுழைத்து, வெளியே எந்தக் கீறலும் இல்லாமல் செய்யும் இன்றைய அறுவை சிகிச்சை இந்தக் கருத்தில் பிறந்தது. 1980-களில் உலகெங்கும் பரவியது.

பலூன் என்ன செய்கிறது?

இதய ரத்தக் குழாய் அடைப்புக்கு பலூன் வைப்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இதுவும் அதே யோசனைதான். சைனஸ் வாசலுக்குள் மெல்லிய கம்பியைச் செலுத்தி, அதன் மேல் சிறு பலூனைக் கொண்டுபோய், சில வினாடிகள் ஊதிவிட்டு வெளியே எடுத்துவிடுவார்கள். வாசல் விரிந்துவிடும். எலும்பையோ சதையையோ வெட்டி எடுப்பதில்லை. அதனால் ரத்தப்போக்கு குறைவு, குணமாகும் காலமும் குறைவு. சிலருக்கு மரத்துப்போகும் மருந்து மட்டும் கொடுத்தே செய்துவிடலாம்.

இதன் எல்லையும் இங்கேயே தெரிகிறது. கண்களுக்கு நடுவே உள்ள சைனஸ், தேன்கூடு மாதிரி பல சிறு அறைகளால் ஆனது. அதற்கு ஊதிப் பெரிதாக்க ஒற்றை வாசல் கிடையாது. நாள்பட்ட நோயில் அடிக்கடி பாதிக்கப்படுவதும் இந்தப் பகுதிதான். மூக்குக்குள் சதை வளர்ந்திருந்தால் பலூன் அதை அகற்றாது. பூஞ்சை உருண்டை, வளைந்த மூக்குத் தண்டு ஆகியவற்றுக்கும் பலூன் மட்டும் தீர்வு ஆகாது.

தலைவலிக்கு மட்டும் இதைச் செய்துகொள்ள நினைப்பவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். 'சைனஸ் தலைவலி' என்று தாங்களே முடிவுக்கு வந்திருந்த சுமார் 3,000 பேரை அமெரிக்காவில் ஆராய்ந்து 2004-இல் முடிவு வெளியிட்டார்கள். அவர்களில் 88 விழுக்காட்டினருக்கு இருந்தது ஒற்றைத் தலைவலிக்கான அறிகுறிகள். அமெரிக்கக் காது, மூக்கு, தொண்டை மருத்துவர்களின் சங்கம் 2018-இல் தெளிவாகவே சொன்னது: மூக்கு அறிகுறிகளும் இருக்க வேண்டும், சி.டி. ஸ்கேனிலும் நோய் தெரிய வேண்டும். இரண்டும் இல்லாதவருக்கு பலூன் சிகிச்சை பொருத்தமல்ல.

எந்த அறுவை சிகிச்சைக்கும் முன்பு, உப்பு நீரால் மூக்கைக் கழுவுவதையும் ஸ்டீராய்டு ஸ்பிரேயையும் சில வாரங்களாவது ஒழுங்காகச் செய்து பார்க்க வேண்டும். இந்த 'ஒழுங்காக' என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறோம். நாலு நாள் அடித்துவிட்டு "கேட்கல டாக்டர்" என்கிறோம். கழுவும் நீர், கொதிக்க வைத்து ஆறவைத்ததாக இருக்கட்டும்; நேரடியாகக் குழாய் நீர் வேண்டாம். மருந்துக் கடையில் வாங்கும், உடனே மூக்கைத் திறந்துவிடும் ஸ்பிரே வேறு வகை. அதைத் தொடர்ந்து சில நாட்களுக்கு மேல் அடித்தால் அடைப்பு இன்னும் மோசமாகும்.

ஒரே பக்கம் மட்டும் அடைப்பு, சளியில் ரத்தம், கழுத்தில் கட்டி ஆகியவை இருந்தால் சைனஸ் என்று தள்ளிப்போடாதீர்கள். மலேசியாவில் மூக்குத் தொண்டைப் புற்றுநோய் அரிதானதல்ல. சீன சமூகத்தினரிடமும் சரவாக்கின் பிடாயு மக்களிடமும் அதிகம் என்றாலும் மற்றவர்களுக்கு வராது என்பதில்லை. ஒரு பக்கம் மட்டும் நாற்றத்துடன் சளி வந்தால், மேல்வரிசைக் கடைவாய்ப் பல் சொத்தையாகவும் இருக்கலாம்.

பில் யார் கட்டுவது?

இது இப்போது வெறும் மருத்துவக் கேள்வி அல்ல. 2024 இறுதியில் மருத்துவக் காப்புறுதி சந்தா 40 முதல் 70 விழுக்காடு வரை உயர்வதாக வந்த கடிதங்கள் பலரைக் கலங்கவைத்தன. அந்த டிசம்பரில் பேங்க் நெகாரா தலையிட்டு, உயர்வை 2026 இறுதி வரை பிரித்து விதிக்கும்படி காப்புறுதி நிறுவனங்களிடம் சொன்னது. மருத்துவச் செலவு வேகமாக ஏறுவதுதான் காரணம் என்றன நிறுவனங்கள்.

தனியார் மருத்துவமனைகளில் மருத்துவரின் கட்டணத்துக்கு அரசு விதித்த உச்சவரம்பு உண்டு. மருத்துவமனை போடும் மற்ற கட்டணங்களுக்கு அப்படி இல்லை. பலூன் கருவி ஒரு முறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பொருள்; அதன் விலை சேரும் இடம் இந்த இரண்டாவது பகுதி. ஆகவே "சின்ன சிகிச்சை" என்பதற்கு "சின்ன பில்" என்று அர்த்தம் இல்லை. முன்பணம் கட்டுவதற்கு முன், கருவியின் விலையைத் தனியாக எழுதிக் கேளுங்கள். எந்த சைனஸ், ஸ்கேனில் என்ன தெரிகிறது, எண்டோஸ்கோப் அறுவை சிகிச்சைக்குப் பதில் பலூன் ஏன் என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் அவசரப்பட வேண்டியதில்லை. இது பெரும்பாலும் நாளைக்கே செய்தாக வேண்டிய சிகிச்சை அல்ல.

அரசு கிளினிக்கில் 1 ரிங்கிட், நிபுணரைப் பார்க்க 5 ரிங்கிட் என்பது குடிமக்களுக்கு இன்னும் இருக்கும் வழி. காத்திருக்க வேண்டிவரும் என்பது உண்மை. அந்தக் காலத்தில் ஸ்பிரேயும் உப்பு நீரும் ஒழுங்காக நடந்தால், சிலருக்கு அறுவை சிகிச்சையே தேவைப்படாமல் போகலாம்.

புதிதாகக் காப்புறுதி எடுப்பவர்கள் பத்திரத்தைப் புரட்டிப் பாருங்கள். இங்கு விற்கப்படும் பெரும்பாலான மருத்துவக் காப்புறுதிகளில், முதல் 120 நாட்களுக்குப் பணம் தரப்படாத நோய்களின் பட்டியல் ஒன்று இருக்கும். காது, மூக்கு, தொண்டை நோய்கள் அதில் உண்டு, சைனஸும் சேர்த்துத்தான்.