வீட்டின் விலையும் ஊரின் தகுதியும்

கோவில் இல்லாத ஊரில் குடியிருக்கலாகாது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நம்மவர்கள். ரொறன்ரோவில் வீடு தேடும் குடும்பமும் கோவில் எவ்வளவு தூரம் என்று கேட்கத்தான் செய்கிறது. ஆனால் அதற்கு முன் விலையைக் கேட்கிறது. விலை இசைந்துவிட்டால் மற்றக் கேள்விகள் எல்லாம் பின்னுக்குப் போய்விடுகின்றன. ஸ்காபரோவில் அடுக்குமாடியில் இருப்பவர் ஏஜாக்ஸைப் பார்க்கிறார். அங்கும் கட்டுப்படியாகாவிட்டால் விற்பி, ஓஷாவா என்று கிழக்கே போகிறார். "கொஞ்சம் தூரம்தான், ஆனால் மலிவு" என்பதே எல்லா வீடுகளிலும் கேட்கும் பேச்சு. அப்படிப்பட்ட புறநகர் வாழ்வதற்கு நல்ல இடமா என்பதை எதைக் கொண்டு தீர்மானிப்பது?

மலிவான புறநகர் என்றாலே ஆகாது என்று தள்ளிவிடுவது முறையல்ல. 1983 யூலைக் கலவரத்தின் பின் பெருந்தொகையாக வந்த நம்மவரில் பலர் முதலில் நகரின் மத்தியில், வெலஸ்லி, பார்லிமென்ற் வீதிகளை அண்டிய சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடிகளில்தான் தங்கினர். பின்னர் ஸ்காபரோவுக்கு நகர்ந்தனர். 1998இல் ரொறன்ரோவுடன் இணைக்கப்படும்வரை தனி நகரமாக இருந்த ஸ்காபரோவைப் பிறர் ஏளனமாகப் பேசியதுண்டு. பனியில் பஸ்ஸுக்குக் காத்து நின்றவர்கள்தான் அங்கே கடை திறந்தார்கள், தமிழ் வகுப்பு நடத்தினார்கள், கோவில் எழுப்பினார்கள். இன்று ஏஜாக்ஸை விட்டு ஸ்காபரோவுக்குச் சாமான் வாங்க வருகிறவர்கள் இதை நினைக்க வேண்டும். ஊரை நல்லதாக்குவதில் குடியேறியவர்களுக்கும் பங்குண்டு.

அதேபோல், காதில் விழும் பயமுறுத்தல்களையும் விசாரித்தே ஏற்க வேண்டும். பிக்கரிங் அணுமின் நிலையம் 1971 முதல் இயங்குகிறது. அதற்குப் பத்துக் கிலோமீற்றருக்குள் இருக்கும் வீடுகளுக்கு 2015இல் பொட்டாசியம் அயடைட் மாத்திரைகள் அனுப்பப்பட்டன. அதைக் கேட்டு அந்தப் பக்கமே வேண்டாம் என்பவர்கள் உண்டு. அந்த மாத்திரை விபத்துக் காலத்தில் தைரொயிட் சுரப்பியைக் காப்பதற்கான முன்னேற்பாடு. ஐம்பது கிலோமீற்றருக்குள் இருப்பவர்களும் அதை இலவசமாகக் கேட்டுப் பெறலாம். ரொறன்ரோவின் பெரும்பகுதி அந்த வட்டத்துக்குள் அடங்கும். எனவே இதற்குப் பயந்து பிக்கரிங்கிலிருந்து ஸ்காபரோவுக்கு ஓடுவதில் அர்த்தமில்லை.

மறுபுறம், யாரும் பயப்படாத இடத்தில் தீங்கு இருந்ததும் உண்டு. மால்வேர்னில் மக்ளூர் கிரசன்ற் என்ற தெரு, ஒன்ராறியோ அரசின் வீடமைப்புத் திட்டத்தின் கீழ் சாதாரண வருமானக் குடும்பங்களுக்காக அமைந்தது. அங்கே வளவு மண்ணில் ரேடியம் கலந்திருப்பது 1980இல் தெரியவந்தது. 1940களில் அந்த இடத்துப் பண்ணையில் ரேடியம் பிரித்தெடுத்ததன் எச்சம் அது. குடியிருந்தவர்கள் வழக்காடினர். மண் அகற்றப்பட்டது 1990களில்தான். காணியின் பழைய வரலாற்றை வாங்குமுன் விசாரிப்பது எவ்வளவு அவசியம் என்பதற்கு இது சான்று.

இனிக் கணக்குக்கு வருவோம். ரொறன்ரோ மாநகரம் 2008 பெப்ரவரி 1 முதல், மாகாண வரிக்கு மேலாகத் தானும் ஒரு காணி மாற்ற வரி அறவிடுகிறது. 800,000 டொலர் வீட்டுக்கு இது 12,475 டொலர். முதல் வீடு வாங்குவோருக்கு 4,475 டொலர் வரை கழிவு உண்டு. ஸ்ரீல்ஸ் வீதியைத் தாண்டி மார்க்கத்திலோ, ரூஜ் ஆற்றுக்கு அப்பால் பிக்கரிங்கிலோ வாங்குபவருக்கு இந்த இரண்டாவது வரி இல்லை. இது உண்மையான இலாபம். ஆனால் வீட்டு வரி விகிதம் ஓஷாவாவில் ரொறன்ரோவைவிடக் கணிசமாக அதிகம். காணி மாற்ற வரி ஒருமுறை கட்டுவது, வீட்டு வரி வருடாவருடம் கட்டுவது. அதோடு இரண்டாவது கார், காப்புறுதி, பெற்றோல். 407 நெடுஞ்சாலையில் பிக்கரிங் புறொக் வீதிக்குக் கிழக்கே 2025 யூன் 1 முதல் கட்டணம் இல்லை. அதற்கு மேற்கே, 1999இல் 99 வருடக் குத்தகைக்கு விடப்பட்ட பகுதியில் கட்டணம் உண்டு. வேலைத்தலங்களில் பெரும்பாலானவை இருப்பது அந்த மேற்குப் பக்கத்தில்.

கோ ரயில் இருக்கிறதே என்பார்கள். யூனியன் நிலையத்துக்கு அருகே அலுவலகம் உள்ளவருக்கு அது நல்ல வசதிதான். 2024 பெப்ரவரி முதல் ரயிலிலிருந்து மாநகர பஸ்ஸுக்கு மாறுபவர் இரட்டைக் கட்டணம் செலுத்தத் தேவையில்லை. ஆனால் மிசிசாகா பண்டகசாலையில் இரவு வேலை செய்பவருக்கு இதனால் என்ன பயன்? ஒரு வழிக்கு ஒரு மணி நேரம் மேலதிகமாகப் பயணம் என்றால், வருடத்தில் 48 வாரத்துக்கு 480 மணி. இருபது முழு நாட்களைத் தெருவில் கழிப்பதற்குச் சமம் அது. அந்த நேரம் பெரும்பாலும் தூக்கத்திலிருந்தும் பிள்ளைகளோடு இருக்கும் பொழுதிலிருந்தும்தான் எடுக்கப்படுகிறது.

விலை எப்படியும் ஏறும், எல்லாவற்றையும் அது ஈடுசெய்துவிடும் என்று சொல்பவர்கள் 2022ஐ மறக்கக் கூடாது. அந்த வருடம் மார்ச் தொடக்கத்தில் 0.25 வீதமாக இருந்த கனடா வங்கியின் வட்டி, 2023 யூலையில் 5 வீதமாயிற்று. உச்ச விலையில், மாறும் வட்டியில் வாங்கிய குடும்பங்கள் பட்ட பாட்டை அறியாதவர் நம்மவரில் குறைவு.

ஆயினும் பணக் கணக்கில் அடங்காத ஒரு கேள்வியே முதன்மையானது. அந்த வீட்டில் கார் ஓட்டாதவர் யார்? அநேகமாக அம்மம்மா அல்லது அப்பப்பா. ஸ்காபரோவில் அவர் தமிழ்க் கடைக்கு நடந்து போவார், நூலகத்தில் இருந்து பத்திரிகை வாசிப்பார், பஸ் ஏறித் தனியே கோவிலுக்குப் போய்வருவார். புதிய குடியிருப்பில் நாலு அறை வீடு கிடைக்கிறது. அவருக்கென்று ஒரு அறையும் கிடைக்கிறது. மகனும் மருமகளும் காலையில் புறப்பட்டால் இருட்டியபின்தான் திரும்புகிறார்கள். கடை நாலு கிலோமீற்றர், பஸ் எப்போதோ ஒன்று, நடைபாதை ஒரு பக்கம் இருந்து பாதியில் நின்றுவிடும். குளிர்காலத்தில் நாலு மாதம் அவர் சன்னலோடுதான். இதற்கு விலைப்பட்டியலில் இடமில்லை.

இது மனக்கவலையோடு நிற்பதில்லை, உடம்பையும் தாக்குகிறது. தெற்காசியருக்கு நீரிழிவு மற்றவர்களைவிட இளவயதிலேயே, குறைந்த உடல் எடையிலேயே வருகிறது. தென் ஒன்ராறியோ நகரங்களின் குடியிருப்புகளை ஒப்பிட்ட ஆய்வொன்று 2016இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியாயிற்று. நடந்து திரிய வசதியான இடங்களில் மிகை எடையும் புதிய நீரிழிவும் குறைவாக இருப்பதை அது காட்டியது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ள முதியவருக்கு நாளாந்த நடை ஒரு மருந்து. அந்த நடைக்கு வழியில்லாத தெருவில் அவரைக் குடியிருத்திவிட்டு, மாத்திரையைக் கூட்டிக்கொண்டு போவது சிகிச்சையாகாது.

இதற்கு ஒரு நியாயமான மறுமொழி உண்டு. இரண்டு அறை அடுக்குமாடியில் மூன்று தலைமுறை எப்படி இருப்பது? பெற்றோரோடு சேர்ந்து வாழவேண்டும் என்பதற்காகவே பலர் தூரப் போகிறார்கள். அந்த நோக்கம் போற்றத்தக்கது. ஆனால் சேர்ந்து வாழவென்று வாங்கிய வீடு பகல் முழுவதும் ஒருவரைத் தனியே பூட்டிவைக்கும் என்றால், நோக்கம் நிறைவேறவில்லை. அப்படியானால் இன்னும் சிறிய வீட்டை, ஆனால் பஸ்ஸும் கடையும் உள்ள பெருந்தெருவுக்கு அருகே வாங்குவதே மேல். அப்படிப்பட்ட இடங்கள் ஏஜாக்ஸிலும் உண்டு, ஓஷாவாவிலும் உண்டு. ஊரின் பெயரைவிடத் தெருதான் முக்கியம்.

வாங்குமுன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். பெப்ரவரியில், வேலை நாளொன்றில், காரை விட்டுவிட்டு அந்தத் தெருவுக்குப் போக வேண்டும். அம்மாவையும் அழைத்துச் செல்வது நல்லது. பால் வாங்க, குடும்ப வைத்தியரிடம் போக, கோவிலுக்குப் போக எவ்வளவு நேரம் என்று பார்க்க வேண்டும். புதிய நோயாளரை ஏற்கும் வைத்தியர் அங்கே உண்டா என்பதையும் அன்றே விசாரிக்க வேண்டும். பேஸ்மென்றை வாடகைக்கு விட்டு மோட்கேஜ் கட்டும் எண்ணம் இருந்தால், அதற்கு நகராட்சி அனுமதி, தீ வந்தால் தப்பும் வழி, புகை மணி எல்லாம் உண்டா என்று பார்ப்பது அங்கே குடியிருக்கப் போகும் ஏழைக் குடும்பத்துக்குச் செய்யும் கடமை.

ஏற்கெனவே கிழக்கே போய்விட்டவர்களுக்குச் சங்கமும் துணை நிற்க வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் கோவிலுக்குக் காரில் வருகிறவர்களிடம் வெறும் ஆசனங்கள் உண்டு. ஒவ்வொரு குடியிருப்பிலும் ஒருவர் பொறுப்பேற்று, அயலில் உள்ள முதியவர்களின் பெயரைக் குறித்து, அந்த ஆசனங்களை நிரப்பலாம். பகலில் மாதம் இருமுறை ஒரு வீட்டில் திருமுறை ஓதக் கூடலாம். இதற்கு மண்டபமும் வேண்டாம், நிதி சேர்ப்பும் வேண்டாம். அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் அன்பர்கள் இதை எடுத்துப் பேசுவார்களாக.