கானில் ஓடும் தண்ணீர் யாருக்கு?



நம் தோட்டத்துப் பழைய ஸ்டோருக்கு மேலே காடு மூடிக் கிடக்கும் கானை எல்லோரும் பார்த்திருப்போம். ஒரு காலத்தில் அதில் வந்த தண்ணீர்தான் ஸ்டோர் மெசினைச் சுற்றியது. மலைநாட்டில் பல தோட்டங்கள் அப்படித்தான் ஓடின. கானை வெட்டியவர்களும் மண் அள்ளியவர்களும் நம் பாட்டன் பாட்டிமார். ஸ்டோரில் மெசின் ஓடியது. அவர்கள் லயத்தில் எரிந்தது குப்பி விளக்கு.

இப்போது அதே கானைத் திருத்தி, சிறிய மின்நிலையம் கட்டப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. இரண்டு தடவை ஆட்கள் வந்து அளந்து போனார்கள். நம்மிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மின்சாரம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. மலைநாட்டு ஆறுகளில் மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் விமலசுரேந்திர 1918இலேயே எடுத்துச் சொன்னார். 1950இல் லக்சபான மின்நிலையம் ஓடத் தொடங்கியது. நம் மாத்தளை மாவட்டத்தையே பாருங்கள். பொல்கொல்லையில் மறித்த மகாவலித் தண்ணீர், சுமார் 8 கிலோமீற்றர் சுரங்கத்தில் வந்து 1976 முதல் உக்குவளையில் மின்சாரம் தருகிறது. பிறகு சுது கங்கையில் இறங்கி வடக்கே வயல்களுக்கும் போகிறது. ஒரே தண்ணீர், இரண்டு வேலை.

ஆனால் கானின் கணக்கை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். மேலே ஓடையை மறிப்பார்கள். தண்ணீர் மலையோரக் கானில் வந்து, தொட்டியில் நிறைந்து, செங்குத்தான குழாயில் இறங்கி, டர்பைனைச் சுற்றிவிட்டு மீண்டும் ஓடையில் சேரும். "தண்ணீர் எங்கேயும் போகாது, திரும்ப வந்துவிடும்" என்பார்கள். உண்மைதான். ஆனால் மறிப்புக்கும் மின்நிலையத்துக்கும் இடையே ஓடை வற்றிப்போகும். நம் லயங்களின் பீலி இருப்பதோ அந்த இடையில்தான்!

மேல் கொத்மலைத் திட்டம் வந்தபோது, சென்கிளேயர் நீர்வீழ்ச்சியின் அழகு கெடாதிருக்கப் பகலில் தண்ணீர் விட ஏற்பாடு செய்தார்கள். பார்க்கிற கண்ணுக்குத் தண்ணீர் விட முடியுமானால், குடிக்கிற வாய்க்கு விட முடியாதா?

இன்னொன்று. நம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் வருவது கான்கரை வழியாகத்தான். சீமெந்து பூசிய கானில் தண்ணீர் வேகமாக ஓடும். விழுந்த பிள்ளைக்குப் பிடித்து ஏற ஒரு வேர்கூட இருக்காது.

ஆகவே நாம் கேட்பது இவை:

1. வேலை தொடங்குமுன் தொழிலாளரைக் கூட்டித் திட்டத்தைத் தமிழில் விளக்க வேண்டும்.
2. கோடையிலும் பீலிக்கு வேண்டிய தண்ணீரை ஓடையில் விட எழுத்தில் உறுதி வேண்டும்.
3. லயத்தருகிலும் பள்ளிப் பாதையிலும் கானுக்குக் கொங்கிரீட் மூடியும் வேலியும் வேண்டும்.
4. கான் துப்புரவு வேலை நம் இளைஞருக்கு, உரிய சம்பளத்தோடு வேண்டும்.

வரும் ஞாயிறு காலை கோயில் மண்டபத்தில் கூடுவோம். பெண்கள் முதலில் பேசட்டும். பீலியில் குடம் வைத்துக் காத்து நிற்பவர்கள் அவர்கள்தான். அளக்க வந்தவர்கள் ஓடையை அளந்தார்கள். நம் குடங்களை அளக்கவில்லை. அந்தக் கணக்கை நாமே எழுதிக் கொடுப்போம்.