நீருக்கும் ஒரு கணக்கு வேண்டும்

சங்கத்தின் பணத்திற்குப் பேரேடு உண்டு. ஆண்டுதோறும் தணிக்கையும் உண்டு. ஆனால் அப்பணம் விளைவதற்கு ஆதாரமான நீருக்கு நம்மிடம் யாதொரு கணக்கும் இல்லை. கண்மாயில் எத்தனை அடி நீர் நிற்கிறது என்பதை மடைக்காரர் அறிவார். அந்நீரில் என்ன கலந்திருக்கிறது என்பதை அறிவார் இலர். இக்குறையைப் போக்கக் கல்லூரி மாணவர்களின் துணையை நாடலாம். ஆனால் அவர்களை வந்து போகும் விருந்தினராகக் கருதாமல், அங்கத்தினராகிய நாமும் உடனிருந்து உழைக்க வேண்டும் என்பதே என் கருத்து.

பண்ணைப்புரம் அமைந்துள்ள உத்தமபாளையம் வட்டத்திலும், அடுத்துள்ள போடி வட்டத்திலும் கண்மாய்கள் பல, மழையையும் பெரியாற்று நீரைக் கொணரும் பதினெட்டாம் கால்வாயையும் நம்பியுள்ளன. நீர் வந்து சேரும் வழியில் வயலின் உரமும், ஊரின் சாக்கடையும், சாயப்பட்டறை இருப்பின் அதன் கழிவும் கலக்கக்கூடும். மீன் செத்து மிதந்தால் உழவர் சாயத்தைக் குறை கூறுவர். நெசவாளர் உரத்தைக் குறை கூறுவர். அளந்து பார்த்தவர் இல்லாதவரை இவ்வழக்கு தீராது.

தீராத வழக்கின் முடிவை நொய்யல் ஆறு நமக்குக் காட்டியுள்ளது. பாசனத்திற்கென 1992-இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக்கழிவின் தேக்கமாக மாறியது. கீழ்ப்பகுதி உழவரின் நிலம் உப்பேறியது. 2011 ஜனவரியில் சாயச்சாலைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. அப்போது தொழிலாளரின் பிழைப்பும் தடைப்பட்டது. இருசாராரும் இழந்தனர். காலத்தில் அறிந்து திருத்திக்கொள்வது இரு தொழிலுக்கும் காப்பாகும்.

இவ்வாராய்ச்சி ஒரு துறை மாணவரால் மட்டும் முடிவதன்று. உவர்ப்பை இரசாயன மாணவர் அளப்பார். அவ்வளவின் பொருளை வேளாண் மாணவரே விளக்க வல்லவர். மண்சாற்றின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு ஏறக்குறைய 1.5 டெசிசீமன்ஸைத் தாண்டினால் திராட்சையின் விளைச்சல் குறையத் தொடங்கும், நெல் 3 வரை தாங்கும், பருத்தியோ 7.7 வரை தாங்கும். ஒரே நீர் ஒருவருக்கு நட்டமும் மற்றொருவருக்குப் பயனுமாவது இதனால்தான். எவர் எவ்வளவு இழக்கிறார் என்பதைக் கணக்கிடப் பொருளாதார மாணவர் வேண்டும்.

அவர்கள் அனைவரும் கூடினும் ஊராரின்றி உண்மை முழுமை பெறாது. பாசி மிகுந்த கண்மாயில் பகலில் பாசியே பிராணவாயுவை வெளியிடும். இரவில் அதனைத் தானே உட்கொள்ளும். ஆகவே நீரில் கரைந்த பிராணவாயு விடியற்காலையில்தான் மிகக் குறைந்திருக்கும். காலைப் பேருந்தில் வந்து பதினொரு மணிக்கு நீர் எடுக்கும் மாணவர், கண்மாய் நலமாயிருப்பதாக எழுதிச் செல்வார். விடியலில் மீன் வாய் பிளந்து மேலே வருவதைக் கண்டவர் ஊரிலுள்ளவரே. எந்த மாதம் உரமிட்டோம், எந்த நாள் சாயநீர் விட்டோம் என்பதும் நமக்கே தெரியும்.

இம்முயற்சி புதுமையும் அன்று. பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தார் நடத்திவரும் ஏரி மாநாடுகளில் பள்ளி மாணவரும் ஆராய்ச்சிக் கட்டுரை படித்துள்ளனர். 2016-இல் அம்மாநாடு கருநாடகத்து மூடுபித்ரியில் நடைபெற்றது. தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் மாணவரும் தன்னார்வத் தொண்டரும் நீர்ப்பறவைகளை எண்ணி வந்துள்ளனர்.

“புட்டியில் நீர் எடுத்துச் சென்றவர் மறுமொழி அனுப்பியதில்லை” என்று அங்கத்தினர் சிலர் குறைபட்டுக்கொள்வதுண்டு. இக்குறை நியாயமானதே. “முடிவு நம் தொழிலுக்கே பகையாய் முடியுமோ” என்ற அச்சமும் உண்டு. இரண்டிற்கும் பரிகாரம் முன்னதாகச் செய்துகொள்ளும் உடன்படிக்கையே.

சங்க நிர்வாகக் குழுவினர் மூன்று நிபந்தனைகளை விதிக்கலாம். முதலாவது, மாதந்தோறும் குறித்த இடங்களில், விடியற்காலையில், ஓர் உழவர் வீட்டுப் பிள்ளையும் ஒரு நெசவாளர் வீட்டுப் பிள்ளையும் மாணவருடன் சேர்ந்தே நீர் எடுக்க வேண்டும். இரண்டாவது, அளவுகள் யாவும் சங்க அலுவலகத்திலுள்ள பதிவேட்டில் அன்றே எழுதப்பட வேண்டும். மூன்றாவது, முடிவுகள் தமிழில் எழுதப்பெற்று, பொதுப்பேரவையில் படிக்கப்பட்டு, கேள்விகளுக்கு விடையும் கூறப்பட வேண்டும்.

தொடக்கச் செலவு பெரிதன்று. 1865-இல் செக்கி என்னும் இத்தாலியப் பாதிரியார் ஒரு வட்டத் தகட்டை நீரில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் கொண்டு நீரின் தெளிவை அளந்தார். ஏறத்தாழ ஒரு சாண் அகலமுள்ள அத்தகைய தகடும், முடிச்சிட்ட கயிறும் இன்றும் போதும். சாயம், உலோகம் போன்றவை மட்டும் ஆய்வுக்கூடம் செல்லட்டும்.

பணக்கணக்கில் பிழையிருப்பின் அடுத்த ஆண்டு சரிசெய்துவிடலாம். உப்பேறிய நிலத்தை மீட்கப் பல ஆண்டுகள் செல்லும். ஆதலின் அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் பொருள்நிரலில் கண்மாய் நீரையும் ஒரு பொருளாகச் சேர்க்குமாறு அங்கத்தினர் கோர வேண்டும்.