மாடியறைக்கும் எட்டும் வைஃபை

கீழே ஹோலில் ரவுட்டர் இருக்கிறது. மாடியில் உம்மாவின் அறைக் கெமராவோ இடையிடையே நின்றுவிடுகிறது. உடனே 'மெஷ்' பெட்டி மூன்றை வாங்கிவிடாதீர்கள். முதலில் ரவுட்டரை அலுமாரியிலிருந்து வெளியே எடுத்து, வீட்டின் நடுவில் உயரமாக வைத்துப் பாருங்கள். சிலருக்கு அதுவே போதும். ரவுட்டருக்குப் பக்கத்திலேயே வேகம் இல்லையென்றால் குறை வெளியிலிருந்து வரும் இணைப்பில்தான். மெஷ் அதைக் கூட்டித் தராது.

வாங்கத்தான் வேண்டுமா? ஸ்மார்ட் பல்ப், பிளக் போன்றவற்றில் பெரும்பாலானவை 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையில் மட்டுமே இயங்கும். அது மெதுவானது, ஆனால் சுவர் தாண்டும். 5 கிகாஹேர்ட்ஸ் வேகமானது, கொங்கிரீட்டில் சோர்ந்துபோகும். 2.4ஐத் தனிப் பெயரில் விட வசதி உண்டா என்று கடையில் கேளுங்கள். இல்லாவிட்டால் ஒரு பல்பைச் சேர்ப்பதற்குள் பொறுமை போய்விடும். சாதனங்கள் இருபது, முப்பது என்றால் 2019இல் வந்த வைஃபை 6 தரத்துக்குக் குறையாமல் எடுங்கள். ஒரே நேரத்தில் பலவற்றைக் கவனிக்கவென்றே செய்யப்பட்டது அது.

இரண்டாவது பெட்டியை அலை எட்டாத அறையிலேயே கொண்டுபோய் வைப்பதுதான் பலரும் விடும் பிழை. அதற்கே அலை கிடைக்காவிட்டால் எதைக் கொடுக்கும்? பாதி வழியில், படிக்கட்டருகே வையுங்கள். இரண்டுக்கும் இடையே கேபிள் இழுக்க முடிந்தால் மிக நல்லது. முடியாவிட்டால் மூன்று அலைவரிசைப் பெட்டி, விலைதான் கூடும்.

கெமராக்களை விருந்தாளிகளுக்கான தனி இணைப்பில் விடுங்கள். கெமராவோடு வந்த கடவுச்சொல்லை அன்றைக்கே மாற்றிவிடுங்கள். உம்மா உறங்கும் அறையல்லவா அது.