யாரோ அடித்த ஆணி

பாறை ஏறுகிற நண்பர்களிடம் இப்போது ஒரு வாக்கியம் பொன்மொழி மாதிரி சுற்றுகிறது. "டிராட்லாம் எதுக்கு மச்சான்? அது வெள்ளைக்காரக் கிழவனுங்க வேலை லா." சொல்கிறவர்கள் சோம்பேறிகள் அல்ல. வாரத்துக்கு மூன்று நாள் ஜிம்மில் தொங்குகிறவர்கள், விரல்தோல் உரிய உரிய ஏறுகிறவர்கள், என்னைவிடக் கடினமான பாதைகளை என்னைவிட வேகமாக முடிக்கிறவர்கள். அதனால்தான் மறுத்துப் பேச வேண்டியிருக்கிறது. ஒன்றும் தெரியாதவன் சொன்னால் சிரித்துவிட்டுப் போகலாம். திறமைசாலிகள் சொல்லும்போது அடுத்து வருகிறவர்கள் அதையே பாடமாக எடுத்துக்கொள்கிறார்கள்.

ஏறிப் பழக்கமில்லாதவர்களுக்கு முதலில் வித்தியாசத்தைச் சொல்லிவிடுகிறேன். ஸ்போர்ட் கிளைம்பிங்கில், உங்களுக்கு முன்பே ஒருவர் பாறையில் துளைபோட்டு, இரண்டு மூன்று மீட்டருக்கு ஒன்றாகப் போல்ட் அடித்து வைத்திருப்பார். நீங்கள் ஏறிக்கொண்டே ஒவ்வொரு போல்ட்டிலும் கொக்கி மாட்டி, அதில் கயிற்றைக் கோத்துக்கொண்டு போவீர்கள். விழுந்தால் கடைசியாக மாட்டிய போல்ட் தாங்கும். பத்துமலையில் 272 படி ஏறி முருகனைப் பார்த்த எல்லோருக்கும் அந்தச் சுண்ணாம்புப் பாறையைத் தெரியும். கோயில் கூட்டத்திலிருந்து தள்ளி, அதே மலையின் வேறு சுவர்களில் இப்படிப்பட்ட பாதைகள் ஏராளம். டிராட் கிளைம்பிங்கில் இந்தப் போல்ட் கிடையாது. உலோகத் துண்டுகளை இடுப்பில் மாட்டிக்கொண்டு போய், பாறையின் இயற்கையான விரிசல்களில் நீங்களே செருகி, அதில் கயிற்றைக் கோக்க வேண்டும். ஆப்பு மாதிரி சிக்கி நிற்பது நட். ஸ்பிரிங் வைத்து விரிந்து பிடிப்பது கேம். பின்னால் வருகிறவர் எல்லாவற்றையும் கழற்றி எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். பாறையில் ஒன்றும் மிச்சமிருக்காது.

ஸ்போர்ட் கிளைம்பிங்கைக் குறைசொல்ல எனக்கு ஆசையில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நம் பக்கத்து நாட்டுக்காரர், இந்தோனேசியாவின் வெட்ரிக் லியோனார்டோ, வேகப் போட்டியின் இறுதிச் சுற்றில் 15 மீட்டர் சுவரை 4.75 வினாடியில் ஏறித் தங்கம் வாங்கினார். நானும் கைதட்டினேன். ஆனால் அந்தச் சுவர் உலகம் முழுக்க ஒரே மாதிரியானது. பிடிகள் ஒன்றே, இடைவெளி ஒன்றே. ஏறுகிறவர் தீர்மானிக்க வேண்டியது எவ்வளவு வேகம் என்பதை மட்டும்தான். நம் ஏற்றம் முழுவதும் அந்தத் திசையில் போய்க்கொண்டிருக்கிறது. எங்கே ஏறுவது, எங்கே விழலாம், எது தாங்கும் என்ற கேள்விகளை எல்லாம் வேறு யாரோ நமக்காக முடித்துவைத்துவிட்டார்கள். நாம் உடம்பை மட்டும் கொண்டுபோகிறோம்.

நான் மெக்கானிக்கல் இன்ஜினியர். அதனால் கேமைப் பற்றிக் கொஞ்சம் பேசாமல் இருக்க முடியாது. 1970களில் ரே ஜார்டைன் என்ற அமெரிக்கர் உருவாக்கிய கருவி அது. அதன் வளைவு, விரிசல் எவ்வளவு அகலமாக இருந்தாலும் பாறையை ஏறக்குறைய ஒரே கோணத்தில், சுமார் 14 பாகையில், தொடும்படி வடிவமைக்கப்பட்டது. இதன் விளைவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 80 கிலோ எடையுள்ள ஆள் அதில் தொங்கினால், விரிசலின் ஒவ்வொரு பக்கத்தையும் கேம் கிட்டத்தட்ட 160 கிலோ அளவுக்கு வெளியே தள்ளும். இழுக்க இழுக்க இன்னும் இறுக்கிப் பிடிக்கும். அற்புதமான கருவிதான். ஆனால் அந்த விரிசலின் ஒரு பக்கம் மலையோடு ஒட்டாத வெறும் பாளமாக இருந்தால், அதே 160 கிலோ அந்தப் பாளத்தைப் பெயர்த்து உங்கள் தலையில் போடும். சூத்திரத்துக்கு இந்த வித்தியாசம் தெரியாது. பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்பதுபோல் பாறையைத் தட்டிப் பார்த்து, சத்தம் கெட்டியாக இருக்கிறதா பொள்ளலாக இருக்கிறதா என்று கேட்கப் பழகிய காதுக்குத்தான் தெரியும். டிராட் கற்றுத்தருவது இந்தக் காதை.

"அதான் போல்ட் இருக்கே, எனக்கு எதுக்கு இந்தக் காது?" என்று கேட்பீர்கள். போன வருஷம் ஒரு பாறையில் (எந்தப் பாறை என்பது வேண்டாம்) உச்சியிலிருந்த இரண்டு போல்ட்டில் ஒன்று கையால் தொட்டாலே ஆடியது. அன்றைக்கு அங்கே பத்துப் பேர் இருந்தோம். எல்லோரும் நல்ல ஏற்றக்காரர்கள். இதை நம்பலாமா, வேறெதில் கட்டிக்கொண்டு இறங்கலாம் என்று சொல்லத் தெரிந்தவர் அதில் ஒரே ஒருவர். ஐம்பதைத் தாண்டிய அண்ணன். சுவரை ஒருதரம் பார்த்தார். ஓரமாக இருந்த விரிசலில் இரண்டு நட்டைச் செருகி, பளுவைப் பகிரும்படி கட்டி, எல்லாரையும் பத்திரமாக இறக்கினார். மற்ற ஒன்பது பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் அன்று வராமல் இருந்திருந்தால்?

போல்ட் என்பது உலோகம். உலோகம் கெடும். தாய்லாந்தின் ரைலே, தொன்சாய் கடற்கரைப் பாறைகளுக்கு நம்மில் பலர் லீவு போட்டுப் போகிறோம். அங்கே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டுகளே, வெளியே பெரிதாகத் துரு தெரியாத நிலையிலும், உள்ளே விரிசல் விட்டு உடைந்திருக்கின்றன. இழுவிசையும் உப்பும் சேர்ந்து உலோகத்துக்குள் செய்கிற வேலை அது. அதனால்தான் பசை வைத்து ஒட்டும் டைட்டானியம் போல்ட்டுகளுக்கு மாறினார்கள். ஆக, போல்ட் அடித்த பாதையிலும் "இது தாங்குமா?" என்ற கேள்வி ஒழிந்துவிடவில்லை. அதைக் கேட்கும் பழக்கத்தைத்தான் நாம் தொலைத்துவிட்டோம்.

அடுத்து அந்த "வெள்ளைக்காரக் கிழவன்" விஷயம். நட் என்ற பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? வேல்ஸ் மலைகளுக்குப் போன பிரிட்டிஷ் ஏற்றக்காரர்கள், ரயில்பாதை ஓரத்தில் கிடந்த நிஜமான நட்டுகளைப் பொறுக்கி, கயிறு கோத்து, விரிசலில் செருகினார்கள். காசில்லாத இளைஞர்களின் மூளை அது. அமெரிக்காவில் இவோன் ஷுனார்ட், 1957இல் பழைய உலை ஒன்றை வாங்கி, தானே கொல்லு வேலை கற்று, பாறையில் அடிக்கும் ஆணிகள் செய்து விற்றவர். அந்த ஆணிகளை அடித்து அடித்துப் பிடுங்கியதில் யோசெமிட்டி பாறைகள் சிதைவதைப் பார்த்ததும், 1972 விற்பனைக் கையேட்டில் 'இனி ஆணி வேண்டாம், நட் போதும்' என்ற வாதத்தை அச்சிட்டார். அவருடைய வியாபாரத்தின் பெரும்பகுதி ஆணி விற்பனைதான். அப்போது அவருக்கு வயது 33. லின் ஹில் ஸ்போர்ட் போட்டிகளில் பலமுறை வென்ற சாம்பியன். அவர்தான் 1993இல் சுமார் 900 மீட்டர் உயர எல் கேப்பிட்டனின் 'நோஸ்' பாதையை, கருவியை இழுத்து ஏறாமல் கைகால் பலத்தாலேயே முதன்முதலில் ஏறி முடித்தார். ஜிம் கொடுக்கிற பலமும் பழைய கைத்திறனும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

நியாயமான எதிர்வாதங்களும் இருக்கின்றன. "நம்ம ஊரு சுண்ணாம்புப் பாறையில ஏது விரிசல்?" உண்மைதான். பத்துமலைச் சுவர்கள் பலவற்றில் போல்ட் இல்லாமல் பாதுகாப்பாக ஏற முடியாது. அவற்றைப் பிடுங்கச் சொல்லவில்லை. ஆனால் தியோமான் தீவின் இரட்டைக் கொம்புச் சிகரங்கள் கருங்கல். சிங்கப்பூரின் டெய்ரி ஃபார்ம் குவாரியும் கருங்கல்தான். பெரிய சுவரில் பாதி உயரத்தில் மழை பிடித்துக்கொண்டால், கீழே இறங்க உங்களுக்கு வேண்டியது விரல் பலம் அல்ல.

"செலவு யாருப்பா பார்க்கிறது?" இது இன்னும் கனமான கேள்வி. ஒரு கேம் 300 வெள்ளியைத் தாண்டும். பத்து வேண்டுமென்றால் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவரின் ஒரு மாதச் சம்பளம் போய்விடும். இதை மறைத்துவிட்டு "ஆர்வம் இருந்தால் போதும்" என்று பேசுவது அயோக்கியத்தனம். ஆனால் கற்பதற்குப் பத்து கேம் தேவையில்லை. ஒரு செட் நட்டை நாலு பேர் சேர்ந்து வாங்கலாம். தரையில் நின்றபடியே செருகலாம், இழுத்துப் பார்க்கலாம், ஏன் பிடுங்கிக்கொண்டு வந்தது என்று யோசிக்கலாம். அடுத்து, தெரிந்த ஒருவர் பின்னால் ஏறி அவர் செருகியதைக் கழற்றலாம். கழற்றும்போதுதான் ஏன் அது நின்றது என்பது புரியும். மேலிருந்து இன்னொரு கயிறு பாதுகாப்பாக இருக்க, முன்னால் ஏறிப் பழகலாம். இவ்வளவு படி இருக்கும்போது "டிராட் என்றால் சாவு" என்று பயமுறுத்துவது சோம்பலுக்குச் சொல்லும் சாக்கு.

என் பாட்டி தோட்டத்தில் பால்மரம் சீவியவர். பட்டையை எவ்வளவு ஆழம் சீவலாம் என்பது அவர் கைக்குத் தெரியும். கூடினால் மரத்துக்குக் காயம், குறைந்தால் பால் இறங்காது. அவருக்கு அடுத்த தலைமுறை ஃபேக்டரிக்குப் போனது, அதில் தப்பில்லை. ஆனால் அந்தக் கை அறிவு ஒரே தலைமுறையில் போய்விட்டது. பாட்டியின் கத்தி வீட்டில் இன்னும் இருக்கிறது. சீவத் தெரிந்தவர்தான் யாருமில்லை. செய்துகாட்ட ஒருவரும் கூட நின்று பார்க்க ஒருவரும் இருந்தால்தான் இப்படிப்பட்ட அறிவு பிழைக்கும். நம் பாறைகளில் அந்த அண்ணன் மாதிரியானவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். நம் பாதைகளில் முதல் போல்ட்டை எங்கே அடிக்கலாம், எங்கே அடிக்கக்கூடாது என்று பாறையைப் படித்துத் தீர்மானித்ததும் அவர்கள்தான். அவர்கள் ஓய்ந்த பிறகு இந்தப் போல்ட்டுகளைச் சோதிப்பதும் மாற்றுவதும் யார்?

ஜிம் நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாதம் ஒருநாள் சுவரை மூடிவிட்டு, நங்கூரம் கட்டுவதைச் சொல்லிக்கொடுங்கள். கிளப்புகளில் ஆளுக்கு 20 வெள்ளி போட்டுப் பொதுவாக ஒரு செட் வாங்கி வையுங்கள். தமிழ்ப் பிள்ளைகள் இப்போதுதான் இந்தச் சுவர்களுக்கு வரத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களிடம் ஷூ வாங்கும் கடையை மட்டும் காட்டி அனுப்பாதீர்கள். என்னிடம் ஒரு செட் நட் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மாதான் கிடக்கிறது. கேட்டால் கொண்டுவருகிறேன்.